சனிக்கிழமைக்காரியின் வெந்நீர்

பேஜா நகரத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களில் முடிதிருத்தும் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு, அந்தப் பக்கத்துப் பெண்களின் தலையெல்லாம் ஜுல்மிராவின் பொறுப்புக்கு வந்தது. பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த கட்டிலைப் பெயர்த்தெடுத்துவிட்டு, சாய்வு நாற்காலியும் கழுத்து வைக்கப் பள்ளம் விட்ட பேசினும் போட்டிருந்தாள். பதினொரு வருஷமாக அதுதான் அவள் சலூன். நாளுக்கு ஓர் ஊர். செவ்வாய்க்கிழமை சாந்த்தா உர்சுலா, தேவாலயத்துக்கு முன்னால்.

வெந்நீருக்கு கேஸ் அடுப்பு. இரண்டு கெட்டிலில் மாற்றி மாற்றிக் கொதிக்கவைப்பாள். ஜக்கில் பச்சைத்தண்ணீர் கலந்து, மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்து, அப்புறம் தலையில் விடுவாள். ஒரு ஜக் தீர்ந்து அடுத்தது கலப்பதற்குள், சோப்புத் தலையோடு சாய்ந்திருப்பவளுக்குக் குளிரெடுத்துவிடும். ஜனவரியில் பல் தந்தியடிக்கும். யாரும் குறை சொன்னதில்லை. வேறொன்றைப் பார்த்திருந்தால்தானே குறை சொல்ல.

அந்த மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, வண்டியை நிறுத்தும்போதே கண்ணாடி வழியே பெர்பெத்துவாக் கிழவியைப் பார்த்தாள். எப்போதும் முதல் ஆளாக வருகிறவள். அன்றும் வந்திருந்தாள், ஆனால் தலை ஏற்கெனவே அலசி, சுருட்டி, படிய வாரியிருந்தது.

"யாரு பண்ணிவிட்டா?" என்றாள் ஜுல்மிரா, இறங்கக்கூட இல்லை.

"கோவிச்சுக்காத மகளே. சனிக்கிழமை ஒரு பொண்ணு வந்தா. வாண்டான்னு பேரு. உன்ன மாதிரிதான், வண்டி வச்சிருக்கா. சும்மா பாக்கலாம்னு ஏறினேன்."

"பாக்கப் போனவங்க தலையைக் குடுத்துட்டு வந்தீங்களாக்கும்."

"அட, கேளேன். அவகிட்ட கெட்டிலே இல்ல. குழாயத் திறந்தா வெந்நீர் வருது. நிக்காம வருது. வெயில்லயே காயுதாம். கழுத்துல ஒரு சொட்டு ஜில்லுன்னு விழல. அப்படியே தூங்கிட்டேன் மகளே."

வாண்டாவின் வெட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஜுல்மிரா சிரித்துத் தள்ளியிருப்பாள். வெட்டில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும். தண்ணீரைப் புகழ்ந்ததுதான் சுட்டது. தன் நாற்காலியில் பதினொரு வருஷத்தில் ஒருத்தியும் தூங்கியதில்லை. அன்று வழக்கமாக வரும் ஏழு பேரில் மூன்று பேர்தான் வந்தார்கள். கெட்டிலைத் தூக்கும்போதெல்லாம் மூவரும் அதையே பார்ப்பதாகப் பட்டது.

வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. புருஷன் நொர்பெர்த்து லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் ஏற்கெனவே அந்த வேனை டீசல் போடுமிடத்தில் பார்த்திருந்தான்.

"அருமையா செஞ்சிருக்கா. கூரையில ரெண்டு சோலார் தகடு. கரண்ட் மொதல்ல பேட்டரிக்குப் போகும். பேட்டரி ரொம்பிருச்சுன்னா மிச்சம் தானா தண்ணித் தொட்டிக்குத் திரும்பிரும். பத்து லிட்டர் தொட்டி, கெய்சர் மாதிரி. அதுல கொதிக்கிறது பச்சத்தண்ணியோட கலந்து குழாய்ல வருது."

"இவ்வளவும் கீழ நின்னே தெரிஞ்சுதா?"

"இல்ல, மேல ஏறிப் பாருங்கன்னு அவதான் சொன்னா."

"பதினொரு வருஷமா நம்ம வண்டிக் கூரை ஒழுகுது. ஒருநாள் ஏறினியா மனுசா?"

அவன் ரொட்டி சுற்றி வந்த காகிதத்தில் தகட்டையும் தொட்டியையும் வரைந்துகொண்டே இருந்தான். பூண்டும் கொத்தமல்லியும் இடித்துப் போட்ட ரொட்டிச் சூப்பை அவன் முன்னால் வைத்தாள். அதில் அவன் பங்கு முட்டையைப் போடவில்லை. அவன் கவனிக்கவுமில்லை.

அடுத்த வாரம் சாந்த்தா உர்சுலாவில், யாரும் கேட்காமலே, ஜுல்மிரா வாய் திறந்தாள். "நான் எதுவும் சொல்லல. ஆனா கூரைத் தகட்டுல காயுற தண்ணி தலைக்கு ஆகாதாம். வேர் இளகிருமாம். கொத்துக் கொத்தாக் கொட்டுமாம்." இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நாக்கில் வந்தது. வந்த வேகத்தில் அவளே பாதி நம்பினாள். அடுத்தடுத்த ஊர்களிலும் சொன்னாள். மாதக் கடைசியில், வாண்டாவிடம் நாள் சொல்லியிருந்த ஒரு கல்யாணப் பெண் வேண்டாமென்று விட்டாள் என்று காதுக்கு வந்தது. அன்று முழுக்க ஜுல்மிராவுக்கு உடம்பு லேசாயிருந்தது. மறுநாள் அப்படி இல்லை. அந்தத் தண்ணீர் உண்மையில் எப்படித்தான் இருக்கிறது என்கிற அரிப்பு மட்டும் அடங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை வாண்டா சாந்த்தா உர்சுலாவுக்கு வராமல் தூரத்துச் சந்தைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, தன்னைத் தெரிந்தவர்கள் இல்லாத அந்த ஊருக்குப் பஸ் ஏறினாள். தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். வாண்டாவின் வேன் சந்தை ஓரத்தில் வெயிலில் நின்றது. வாண்டாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கனத்த ஒற்றைப் பின்னல். அதிகம் பேசவில்லை.

"அலசினா போதுமா, வெட்டணுமா?"

"அலசுனா போதும்."

சாய்ந்தாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நெற்றியில் தொடங்கி உச்சி வரை ஒரே சூட்டில் தண்ணீர் ஓடியது. ஜுல்மிரா குறை தேடினாள். சூடு குறையும் என்று காத்திருந்தாள், குறையவில்லை. விரல்கள் பிடரியில் இறங்கின. தன் தலையை இன்னொருவர் தொட்டு எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்தாள். கடை கடையாக வேலை பார்த்த காலத்தில் தோழிகள் ஒருவருக்கொருவர் அலசிவிட்டுக்கொள்வார்கள். வேன் வாங்கியதிலிருந்து சமையலறைத் தொட்டியில் தானே குனிந்து அலசிக்கொள்வதுதான். கண் சொக்கியது. அதற்காகவே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"சூடு போதுமா ஜுல்மிராக்கா?" என்றாள் வாண்டா.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போகவும் முடியாது, தலை முழுக்கச் சோப்பு.

"எப்படித் தெரியும்?"

"மோதிர விரல்ல கத்திரிக்கோல் புடிச்ச காய்ப்பு. எனக்கும் இருக்கு. இந்தப் பக்கம் அந்தக் காய்ப்பு இருக்கிறவங்க நாம ரெண்டு பேர்தான்." வாண்டா குழாயை மூடினாள். "முடி கொட்டும்னு சொல்லித் திரியிறீங்களாமே. ரெண்டு வருஷமா இதே தண்ணியிலதான் என் தலையையும் அலசுறேன்."

பின்னலை அவிழ்த்து, ஜுல்மிராவின் முகத்துக்கு நேரே தலையைக் குனிந்தாள். "இழுத்துப் பாருங்க."

ஜுல்மிரா உள்ளே கையை விட்டாள். கூந்தல் அடர்த்தியாக, நன்றாக வேரூன்றி இருந்தது. இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அந்தக் கூந்தல் மீதும் அவளுக்குப் பொறாமை வந்தது.

"நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"தண்ணி நல்லாருக்கு. அதான்."

வாண்டா சிரிக்கவில்லை. "அந்தக் கல்யாணத்துக்குப் பொண்ணோட சேர்த்து ஒன்பது தலை. எனக்குப் பெரிய வேலை அது. செவ்வாய்க்கிழமை போய் நீங்களே மாத்திச் சொல்லுங்க." மறுபடி குழாயைத் திறந்து, காதோரம் வரை துளி சோப்பில்லாமல் அலசிவிட்டு, துண்டு சுற்றி அனுப்பினாள். காசு வாங்க மறுப்பாளோ என்று ஜுல்மிரா நினைத்தாள். முழுசாக வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தேவாலய முற்றத்தில் நான்கு பெண்கள் இருந்தார்கள். ஜுல்மிரா வண்டியின் படியில் நின்றபடியே சொன்னாள்.

"முடி கொட்டும்னு நான் சொன்னது பொய். அந்தத் தண்ணிக்கு ஒரு குறையுமில்ல."

யாரும் அதிரவில்லை. பெர்பெத்துவா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டாள். "அது தெரியுமே மகளே. நாங்க யாரும் போறத நிறுத்தலயே. தலை அலச அவ, வெட்ட நீன்னு வச்சுக்கிட்டோம். உன் மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பாதித் தலை அவளுக்கு, பாதித் தலை தனக்கு என்று இவர்களாகவே பங்கு போட்டிருக்கிறார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் நொர்பெர்த்திடம், "அந்தக் காகிதம் எங்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்காகவே காத்திருந்தவன்போல அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

மே மாதம் வேலை முடிந்தது. கூரையில் இரண்டு தகடு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பேட்டரி, பேசினுக்குக் கீழே பத்து லிட்டர் தொட்டி. கூரைக்கு ஏறியதுதான் ஏறினான் என்று ஒழுகலையும் அடைக்கவைத்தாள். முதல் தலை பெர்பெத்துவாவுடையது. ஜுல்மிரா குழாயைத் திறந்துவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள்போல நின்றாள்.

"எப்படி?"

"நல்லாருக்கு மகளே."

"அவளுது மாதிரியா?"

கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். "தலையில தண்ணி விழும்போது அவ இவ்வளவு கேள்வி கேக்க மாட்டா."

தலை அலசவும் ஏழு பேரில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் வாண்டாவிடமே தங்கிவிட்டார்கள். அதில் ஒருத்தி ஜுல்மிராவின் மச்சினி. அந்தக் கல்யாணம் வாண்டாவுக்குத் திரும்பவில்லை. ஆனால் கோடையில் வேறொரு கல்யாணத்துக்கு இருபது தலை வந்தபோது, ஜுல்மிரா தன்னால் முடியாதென்று பத்துத் தலையை வாண்டாவிடம் அனுப்பினாள். நல்ல மனசோடு அனுப்பினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

இப்போதும் வாண்டாவின் வேன் சாலையில் எதிரே வந்தால் ஜுல்மிரா வேகத்தைக் குறைத்துக் கையைத் தூக்குவாள். வாண்டாவும் தூக்குவாள். கடந்து போனதும் ஜுல்மிரா பக்கக் கண்ணாடியில், அந்தக் கூரையில் மூன்றாவது தகடு ஏதும் ஏறியிருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பாள்.