எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஷூ

எங்கள் வீட்டில் தோல் பொருள் எதுவும் வாசற்படியைத் தாண்டியதில்லை. அப்பாவின் பெல்ட்கூட பிளாஸ்டிக்தான். ஸ்ரீரங்கத்தில் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து எழுபதுகளின் கடைசியில் என் அண்ணா மெடிக்கல் ரெப் வேலைக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பியது, எங்கள் வீதிக்கு நல்ல வேடிக்கை.

அண்ணா கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இரண்டு வருஷமாகச் சும்மா இருந்தான். எங்களிடம் வாய் ஓயாது. இன்டர்வியூ என்றால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே இரண்டு இடத்தில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருந்தான். அப்பா ரிடையர் ஆகப்போகிற சமயம். இதுவும் போனால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் உதறல்.

இன்டர்வியூவுக்குக் கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது மருந்துக் கம்பெனி உத்தரவு. கிடைத்ததோ அக்கா கணவரின் பழுப்பு ஷூ. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்க் கறுப்புச் சாயம் வாங்கிவந்தவன், கூடவே எனக்கு ஒரு லெக்சரும் கொடுத்தான்.

"சாயத்தை அப்படியே பூசினா திட்டுத்திட்டா நிக்கும். தோல் ஒரே சீராக் குடிக்கணும்னா பழைய பாலிஷ், எண்ணெய்ப்பசை எல்லாம் சுத்தமாப் போயாகணும். புரியறதா?"

"எனக்கெதுக்குப் புரியணும்? நானா போட்டுக்கப் போறேன்?" என்றேன்.

வெள்ளிக்கிழமை கொல்லையில் உட்கார்ந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுப் பழைய பாலிஷை எடுத்தான். அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து கண்காணித்தாள். "துளசி மாடத்துப் பக்கம் வராதே! தோலைத் தொட்டிருக்கே, ஸ்நானம் பண்ணாம உள்ளே கால் வைக்காதே!" காப்பிக்கு ஒரு குளியல், சாப்பாட்டுக்கு ஒரு குளியல், தபால்காரர் கூப்பிட்டதற்கு ஒரு குளியல். சாயங்காலம் பார்த்தால் ஷூ சுத்தமாக இருந்தது, அண்ணாவுக்கு ஜலதோஷம்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா வழக்கம்போல அவன் தலையில் நல்லெண்ணெயைக் கவிழ்த்து ஊற வைத்தாள். அப்போதுதான் அவனுக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. எப்படியும் குளிக்கத்தான் போகிறோம், அதற்குள் சாயத்தைப் பூசிவிட்டால் ஒரு குளியல் மிச்சம்! கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஈரத் துணியால் தோலைச் சீராக நனைத்தான். இடது கையால் ஷூவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மெல்லிசாகச் சாயம் பூசினான். வலது ஷூவுக்கு வந்தபோது தலையிலிருந்து எண்ணெய் இடது கை விரல் வரை வழிந்திருந்தது. கெமிஸ்ட்ரி பட்டதாரி கவனிக்கவில்லை.

ராத்திரி காய்ந்ததும் பார்த்தோம். ஷூ ஜோராகக் கறுத்திருந்தது. வலது ஷூவின் மூக்கில் மட்டும் நாலு விரல் தடம், பழுப்பாக, பளிச்சென்று. மேலே மேலே பூசியும் சாயம் ஏறவில்லை. ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது, மறுநாள் ஞாயிறு, கடை கிடையாது. "சீயக்காய் போட்டுத் தேய்ச்சுப் பாரேன்" என்றேன். அடிக்க வந்தான்.

திங்கட்கிழமை ஜங்ஷன் பக்கத்து ஹோட்டலில் இன்டர்வியூ. நடந்ததை அவனே வந்து சொன்னான். வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டதாம். எதிரே இருந்தவர்களில் ஒருவர் கீழே பார்த்துவிட்டு, "என்ன தம்பி, உங்க ஷூ மூக்கை யாரோ புடிச்சு இழுத்த மாதிரி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஸ்பிரிட் ஏன், ஈரத் துணி ஏன், எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் ஏன் இறங்காது, நடுவே அம்மா, சனிக்கிழமை எல்லாம் சொல்லியிருக்கிறான். அவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். "இதே மாதிரி டாக்டருங்ககிட்ட எங்க மருந்தைப் பத்திப் பேசுவீங்களா?" என்று கேட்டார்களாம்.

"வேலை கெடைச்சுடுத்து" என்றான்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நான் கை தட்டினேன்.

"என்னிக்குச் சேரணும்?" என்றாள் அம்மா.

"அடுத்த திங்கட்கிழமை. மதுரையில."

வேலை வெளியூரில் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"பெருமாள்கிட்ட தினம் வேலை வேணும்னு கேட்டேனே ஒழிய, எந்த ஊர்லன்னு சொல்லலையேடா" என்றாள் அம்மா. அவள் அழுவதற்கு முன்னால் நான் அழுதுவிட்டேன்.