ஓரா முடிவதற்கு முன்னே

யோகம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. வீடு சரவணையில், மீன் சந்தை ஊர்காவற்றுறையில். இரண்டுக்கும் நடுவே அவளுக்கிருந்த பெரிய வில்லங்கம் காலை பஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வாசல்வரை அடைத்துக்கொண்டு வரும் அது, பாதி நாட்கள் அவளைக் கண்டும் நிற்காமல் போய்விடும். அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினால் சந்தையில் ஓரா மீன் முடிந்திருக்கும்.

"இண்டைக்கும் பிந்திப்போட்டியள் அக்கா. சூடைதான் கிடக்கு" என்பாள் மீன் விற்கும் மேரிறோஸ்.

சூடை மீனோடு யோகம்மாவுக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால் ஓராவில் சொதி வைத்து, தேசிக்காய்ப் புளி விட்டு, புட்டோடு ஒரு நாளாவது சாப்பிடாவிட்டால் அந்த வாரம் முடிந்தது போலவே அவளுக்குத் தோன்றாது.

மகள் வினோஜா கலியாணம் கட்டிக் கனடா போனபோது விட்டுப்போன ஸ்கூட்டி, கொட்டிலுக்குள் பழைய சீலையால் மூடிக் கிடந்தது. கால் வைக்கும் தட்டில் ஒரு கோழி முட்டையிடப் பழகியிருந்தது. முட்டை எடுக்கப் போன ஒரு நாள் யோகம்மா சீலையை முழுதாக இழுத்தாள். புழுதியைத் துடைத்தாள். ஏறி இருந்து பார்த்தாள். கால் நிலத்தில் நன்றாக எட்டியது.

வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்த கணவர் அப்புத்துரை கொட்டில் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உமக்கென்ன விசரே? இந்த வயசில விழுந்தா எலும்பு பொருந்துமே?"

"விழாமல் பழகுறன்."

பழக்க வந்தவள் பக்கத்து வீட்டுப் பிரியதர்சினி. முன்பள்ளி ஆசிரியை என்பதால் பொறுமை அவளிடம் தாராளமாக இருந்தது. புது பற்றரி போட்டு, பின்னேரங்களில் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஓட்டம் தொடங்கியது.

"அக்சிலேற்றரை முறுக்காதேங்கோ அன்ரி. மெல்லத் தடவுங்கோ, காணும்."

மூன்று நாள் இரண்டு காலையும் நிலத்தில் இழுத்தபடி ஓடினாள். நாலாம் நாள் காலைத் தூக்கிவிட்டாள். காற்று முகத்தில் பட்டபோது தன்னையறியாமல் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிறேக்கைப் பிடிக்கவேண்டிய கை முறுக்கிவிட்டது. ஸ்கூட்டி பாய்ந்து, ஒழுங்கையோரத்துக் கனகசபையரின் பனையோலை வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய்ச் சரிந்தது.

கனகசபையர் கிணற்றடியில் முகம் முழுக்கச் சவர்க்காரத்தோடு நின்றார். கண்ணைத் திறக்க ஏலாமல், "ஆரது?" என்று கேட்டார்.

"நான்தான், யோகம்மா."

"படலை வாசல் அங்கால இருக்குப் பிள்ளை."

பிரியதர்சினி சிரிப்பை அடக்க முடியாமல் மறுபக்கம் திரும்பினாள். யோகம்மாவுக்கு முழங்கையில் நல்ல உரசல். அதைவிட வெட்கம்தான் கூட எரிந்தது. வீட்டில் அப்புத்துரை ஒன்றும் சொல்லாமல் மருந்து போட்டுவிட்டார். ஏசியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

மறுநாள் ஸ்கூட்டியைத் திரும்ப மூடி வைக்கிற எண்ணத்தில் கொட்டிலுக்குள் போனாள். அங்கே அப்புத்துரை குந்தியிருந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

"பிறேக் பிடி வளைஞ்சு கிடந்தது. நிமித்திவிட்டனான்" என்றார், அவளைப் பாராமலே. "கனகசபையண்ணையின்ர வேலியும் கட்டியாச்சு."

அன்று பின்னேரம் அவள் மறுபடியும் ஒழுங்கைக்குப் போனாள்.

குசினியில் தேங்காய் துருவும்போதும் வீதிக் குறியீட்டுப் புத்தகம் பக்கத்தில் விரிந்து கிடந்தது. யாழ்ப்பாணத்தில் லைசன்ஸ் எழுத்துப் பரீட்சை எழுத, பிள்ளைகளின் வயதில் உள்ளவர்களோடு போய் இருந்தாள். அது முதல் தரமே சரிவந்தது. ஸ்கூட்டி ஓடிக் காட்டும்போது ஒரு இடத்தில் காலை ஊன்றியதால் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தரம் ஊன்றவில்லை.

லைசன்ஸ் கிடைத்த வாரமே, ஒரு விடியற்காலையில் ஊர்காவற்றுறைக்குத் தனியே புறப்பட்டாள். நடு றோட்டில் மாடுகள் படுத்திருந்தன. ஹோண் அடித்தாள், ஒன்று காதை மட்டும் ஆட்டியது. சுற்றிக்கொண்டு போனாள். சந்தையில் மேரிறோஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"ஆரோட வந்தனீங்கள் அக்கா?"

"தனியத்தான். ஓரா கிடக்கே?"

கிடந்தது, இன்னும் துடித்துக்கொண்டு. வாங்கிப் பையில் போட்ட பிறகும் நேரம் மிச்சம் இருந்தது. அப்படி ஒரு மிச்சம் அவளுக்கு முன்பு வாய்த்ததில்லை. துறைமுகத்தடிக் கடையில் ஒரு பிளேன்ரீயும் சுடச்சுட உழுந்து வடையும் வாங்கி, காரைநகருக்குப் போகிற படகு கரையை விட்டுப் போகும்வரை இருந்து பார்த்தாள்.

சில வாரங்கள் போயின. ஒரு காலை அப்புத்துரை வேட்டி சட்டையோடு முற்றத்தில் வந்து நின்றார்.

"வேலணைக்கு ஒருக்காப் போகவேணும்" என்றார். "நடந்து போனா வெயில் ஏறிப்போடும்."

அவள் ஹெல்மெற்றை நீட்டினாள். முதல் வளைவுவரை பின்னாலிருந்து "மெல்ல, மெல்ல" என்று ஓதிக்கொண்டே வந்தார். பிறகு சத்தம் இல்லை. வயல் தாண்டி நேர் றோட்டு வந்ததும் அவள் தோளில் மெதுவாகத் தட்டினார்.

"கொஞ்சம் விரைவாப் போனா என்ன?"

"ஏலாது" என்றாள் யோகம்மா. "சும்மா இருங்கோ."

அவர் சும்மா இருந்தார். அவள் அக்சிலேற்றரை மெல்லத் தடவினாள்.