தொரிபியாவின் மடைக்கு வந்த தீர்ப்பு

தொரிபியா கெட்டிக்காரி என்று ஊரில் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவளுக்குச் சலிப்பு வராது, அவ்வளவுதான்.

கணவன் இறந்த ஆண்டு, நவம்பர்க் குளிரில் வரும் புனித மார்த்தின் நாளில், ஊர்த்தலைவர் வெலாஸ்கோ தண்ணீரால் ஓடும் அவளுடைய மாவு ஆலைக்குப் போகும் மடையை அடைத்தார். தண்ணீர் அவருடைய புல்வெளிக்குத் திரும்பியது. ஓராண்டு முழுக்க ஓடாத ஆலை ஊர்ச்சபைக்குச் சேர்ந்துவிடும் என்பது எங்கள் ஊர் வழக்கம். சபை என்றால் வெலாஸ்கோ.

அவள் வயதோலித் நகருக்கு நடந்துபோய் அரசரின் உயர் மன்றத்தில் வழக்குப் போட்டாள். கோடையில் மடையைத் திறக்கச் சொல்லி ஓர் ஆணை வந்தது. வெலாஸ்கோ தொப்பியைக் கழற்றி, கடிதத்தை முத்தமிட்டு, தலைமேல் வைத்துக்கொண்டார். "கீழ்ப்படியிறேன். ஆனா நிறைவேத்தலை," என்றார். எங்கள் நாட்டில் இதற்கு இடம் உண்டு. அரசருக்கு விவரம் சரியாகத் தெரியவில்லை என்று பொருள். எழுத்தர் அந்தோலின் அப்படியே பதிவு செய்தார்.

அடுத்த மார்த்தின் நாளுக்கு முந்தைய நாள் காலையில், கெடுவுக்கு ஒரு நாள் இருக்கும்போது, தொரிபியா இறுதித் தீர்ப்போடு வந்தாள். ஓராண்டுக்குள் தீர்ப்பா என்று, வயதோலித்தில் வழக்கு நடத்தியவர்கள் யாரும் நம்பவில்லை. தேவாலய வாசலில் நாங்கள் சபையினர் கூடினோம். வெலாஸ்கோ கடிதத்துக்குக் கையை நீட்டினார்.

"முதல்ல வாசிக்கச் சொல்லுங்கய்யா," என்றாள் தொரிபியா.

"கடைசிப் பக்கத்தை வாசி, அந்தோலின்."

"முழுசும். கேக்குற உரிமை எனக்கு இருக்கு."

எழுபத்திரண்டு பக்கம். அரசரின் கடிதம் வாசிக்கப்படும்போது சபையினர் தொப்பியில்லாமல் நிற்க வேண்டும், நகரக் கூடாது. பெண்கள் சபையில் கணக்கில்லை, அந்த விதியும் அவர்களுக்கு இல்லை. முதல் பக்கம் முடிவதற்குள் அவள் கொண்டுவந்திருந்த மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு மடைப்பக்கம் கிளம்பினாள்.

"ஏய், எங்க போறே?" என்றார் வெலாஸ்கோ.

"எனக்கு மனப்பாடம்யா. உங்களுக்குத்தான் புதுசு."

"யாராவது போய்த் தடுங்களேன்!"

"நீங்க முன்னால போங்க தலைவரே, நாங்க பின்னாலயே வர்றோம்," என்றான் கொல்லன் ஃபோர்தூன். வெலாஸ்கோவும் நகரவில்லை. அரசரின் கடிதத்துக்கு முதுகு காட்டிய தலைவர் அடுத்த ஆண்டு தலைவராக இருப்பதில்லை.

தீர்ப்பில் எல்லாருடைய சாட்சியமும் இருந்தது. புல்வெளிக்காகத்தான் மடை அடைபட்டது என்று ஃபோர்தூன் சத்தியம் செய்திருந்ததை அந்தோலின் உரக்க வாசித்தார்.

"என் வீட்டு உப்பைத் தின்னுட்டு இப்படியா சொன்னே?"

"சிலுவை மேல கை வைக்கச் சொன்னாங்க தலைவரே. சிலுவை வெண்கலம், சில்லுன்னு இருந்துச்சு. பொய் வரலை."

என் சாட்சியமும் வந்தது. தண்ணீர் எப்போதும் ஆலைக்கே ஓடியது என்றும், அது எனக்கு நினைவில்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தேன். ஃபோர்தூன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

காற்று வழுக்கை பார்த்து அடித்தது. நாற்பதாம் பக்கத்தில், மடையிலிருந்து கேட்ட சுத்தியல் சத்தம் நின்றது. அறுபதாம் பக்கத்தில் ஆலைச் சக்கரம் முனகத் தொடங்கியது. வாசிப்பு முடிந்தபோது தொரிபியா ஒரு கிண்ணத்தில் புது மாவோடு வந்து வாசலில் வைத்தாள். ஆண்டு முடியுமுன் அரைத்த மாவு. சபை முழுவதும் அதைப் பார்த்தது.

வெலாஸ்கோ கடிதத்தை முத்தமிட்டுத் தலைமேல் வைத்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"கீழ்ப்படியிறேன்," என்றார்.

அந்தோலின் பேனாவை மையில் தோய்த்தார். "அடுத்தது என்னய்யா எழுதட்டும்?"

"நிறைவேத்தலைன்னு எழுது."

"எழுதிக்கங்க," என்றாள் தொரிபியா. "எனக்கு அரைக்கிற வேலை கிடக்கு."

அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள், சாகும்வரை, அந்த ஆலையில் அவள்தான் அரைத்தாள். சபைப் பேரேட்டின்படி தீர்ப்பு இன்னும் நிறைவேற்றப்படவில்லை.