வருஷா வருஷம் புது ஆள்

எங்கள் மின்நிலையத்தில் கான்ட்ராக்டர் வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார். நாங்கள் மாற மாட்டோம். பழைய கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்து, மருத்துவப் பரிசோதனை முடித்து, பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து, புது பாஸ் வாங்கிக்கொண்டு, அதே டர்பைன் தளத்துக்கு அதே படிக்கட்டில் ஏறிப் போவோம். பாஸில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதி இருக்கும்.

வகுப்பு எடுப்பவர், புதிதாக வந்தவர்கள் கை தூக்குங்கள் என்பார். எல்லோரும் தூக்குவோம். முன்பு சிலர், இத்தனை வருஷமாக வேலை பார்க்கிறோம், நிரந்தரமாக்குங்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. போனவர்கள் இப்போது நிலையத்துக்குள் இல்லை. அதற்குப் பிறகு யாரும் வருஷக் கணக்கை வாய்விட்டுச் சொல்வதில்லை.

டர்பைன் தளத்தில் பேச்சு கேட்காது. காதருகே வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் விளங்கும். அதனால் கையால் பேசுவோம், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். பிரஷர் எவ்வளவு என்பதை விரலால் காட்டுவோம். ஐந்துக்கு மேல் போனால் முஷ்டியால் ஒருமுறை மார்பில் தட்டி, மீதியை விரலில் காட்ட வேண்டும். இதில் ஒரு விதி உண்டு. எதிரில் இருப்பவர் காட்டியதை, பார்த்தவர் அப்படியே திருப்பிக் காட்ட வேண்டும். காட்டிய பிறகுதான் வால்வில் கை வைக்கலாம். எட்டை மூன்றாகப் பார்த்து யாரோ ஒருவர் வால்வைத் திறந்து கையை வேகவைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நான் சேர்வதற்கு முந்தைய கதை. விதி மட்டும் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

என் ஜோடி கத்திவாக்கத்துக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் பம்புகள் இருக்கும் கீழ்ப்பக்கம், நான் மீட்டர்கள் இருக்கும் மேல்பக்கம். ஷிப்டு முழுக்க எதிரும் புதிருமாக நின்று கையாட்டிக்கொண்டிருப்போம். காதில் வைக்கும் ரப்பர் அடைப்பு பாஸோடு ஒரு ஜோடி தருவார்கள். மழைக்காலம் வருவதற்குள் அது கிழிந்துபோகும். பிறகு பஞ்சு.

அவருக்குக் காது போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். டீக்கடையில் பின்னால் வரும் லாரியின் ஹாரனுக்கு அவர் திரும்புவதில்லை. தளத்தில் அதனால் எந்தச் சிரமமும் இல்லை. அங்கே யாருக்கும்தான் கேட்காதே. முந்தைய வருஷங்களில் பரிசோதனை செய்த டாக்டர் எதிரில் உட்கார்ந்து பெயரைக் கேட்பார். அண்ணா உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். போன வருஷம் வேறு டாக்டர் வந்தார்.

பரிசோதனை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே மாடி அறையில் நடந்தது. வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் வெல்டர் அண்ணாவின் தலையைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

“இன்னாண்ணா, டை அட்ச்சிகினு வந்துகீற? பொண்ணு பாக்கவா?”

“புச்சா வேலைக்கு சேர்றேன்ல நைனா. நரச்ச தலையோட வந்தா நல்லாவா இருக்கும்?”

வெல்டர் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

உள்ளே போய்விட்டு வந்தவர்கள், இந்த டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக நம்பர் சொல்கிறார், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார்கள். அண்ணாவுக்கு நான் உதட்டசைத்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் பரிசோதனை அட்டை கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்ததால் நாற்காலி கதவைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. மின்விசிறி ஓடாததால் கதவைத் திறந்து கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தால் நாற்காலிக்கு நேர் எதிர்.

“நீ அங்க குந்து,” என்றார். “தளத்துல காட்ற மாரியே காட்டு.”

இந்த வேலை போனால் அவரைப் புதிதாக எடுக்க யாரும் இல்லை. ஐம்பத்தைந்து வயது. வீட்டில் அவர் சம்பளம் மட்டும்தான். மகளுக்கு நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. இதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

நான் பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தேன். அண்ணா உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் டாக்டர் அவருக்குப் பின்னால் நின்றார். டாக்டரின் முகம் எனக்குத் தெரிந்தது. சாலையில் டிரெய்லர்கள் போய்க்கொண்டிருந்தன, அவர் சொன்னது என் காதில் விழவில்லை. உதட்டைப் படித்தேன். இருபத்து மூன்று. விரலால் காட்டினேன். அண்ணா சொன்னார். முப்பத்து நான்கு. சொன்னார். ஒவ்வொரு முறையும், வாயைத் திறப்பதற்கு முன், மடியில் வைத்திருந்த கையால் எனக்குத் திருப்பிக் காட்டினார். அவர் காட்டுவதை நானும் கவனிக்கவில்லை. காட்டாமல் இருந்திருந்தால் கவனித்திருப்பேன்.

அடுத்து டாக்டர் நாற்பத்தெட்டு என்றார். நான் நான்கு விரல் காட்டி, மார்பில் தட்டி, மூன்று விரல் காட்டினேன். அண்ணாவும் நான்கு விரல் காட்டி, மார்பில் தட்டினார். முழங்கை வெளியே வந்தது. பின்னால் நின்ற டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, மூன்று விரலோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

“நாப்பத்தெட்டு,” என்று அண்ணா சத்தமாகச் சொன்னார்.

டாக்டர் முன்னால் வந்தார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். வராந்தாவில் நின்ற கான்ட்ராக்டரின் சூபர்வைசர், புது ஆள் சார் என்றார். நான் அவரைத்தான் கேட்டேன் என்றார் டாக்டர்.

அண்ணா என்னைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த மற்றவர்களையும் பார்த்தார். அவர் தளத்தைச் சொன்னால் எங்கள் எல்லோருடைய வருஷமும் அந்த அறைக்குள் வந்துவிடும். என் கை மடியில் இருந்தது. நான் எதுவும் காட்டவில்லை.

“போட்டு வேலை சார்,” என்றார். “கடல்ல.”

“போட்டுல காது இவ்ளோ போகுமா?”

“இன்ஜின் சத்தம் சார். பக்கத்துலயே குந்திகினு இருப்பேன்.”

அவர் கடலுக்குப் போனது கல்யாணத்துக்கு முன்பு. அப்போது அவர்கள் வீட்டில் இருந்தது கட்டுமரம். இன்ஜின் கிடையாது.

டாக்டர் எழுதினார். செவித்திறன் குறைவு, முந்தைய தொழில் மீன்பிடிப்பு, இரைச்சல் உள்ள இடத்துக்குத் தகுதியில்லை. எங்கள் கான்ட்ராக்டரிடம் இரைச்சல் இல்லாத இடம் எதுவும் இல்லை. சூபர்வைசர் அண்ணாவிடம் ஆதார் நகலைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்தது நான். கதவைச் சாத்திவிட்டுச் சோதித்தார்கள். எனக்கு பாஸ் கிடைத்தது.

வெளியே வந்தபோது அண்ணா படிக்கட்டின் கீழே காத்திருந்தார். டீ சாப்பிட்டோம்.

“ஒரு முஷ்டியில மாட்டிகினோம் பாரு,” என்றார். “பழக்கம் நைனா, இன்னா பண்றது.”

வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தமாகச் சொன்னார், எப்போதும்போல. பஸ் வந்தது. ஏறிப் போனார். அன்றைய டைரியில் மருத்துவப் பரிசோதனை முடிந்தது என்று எழுதியிருக்கிறேன். வேறு எதுவும் எழுதவில்லை.

அவர் இப்போது மைத்துனரோடு முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறார். டாக்டர் எழுதிய தொழிலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். காலை ஷிப்டுக்குப் போகும்போது சில நாட்கள் பாலத்திலிருந்து பார்ப்பேன். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார். ஒருநாள் வண்டியை நிறுத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, இரண்டு விரல் காட்டி, கையை முறுக்கினார். இரண்டாம் நம்பர் பம்பு எப்படி இருக்கிறது என்று அர்த்தம். அது எப்போதும் ஒழுகும் பம்பு. ஒழுகுகிறது என்று காட்டினேன். ஒழுகுகிறது என்று அவர் திருப்பிக் காட்டிவிட்டு, மறுபடி குனிந்தார்.

அவர் இடத்துக்கு வேறு ஒருவர் வந்திருக்கிறார். திருப்பிக் காட்ட வேண்டும் என்பதை அவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். சீக்கிரம் பழகிவிட்டார்.

இந்த வருஷம் கான்ட்ராக்டர் மறுபடி மாறினார். அதே மாடி, அதே டாக்டர். நாற்காலியை மட்டும் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கண் பரிசோதனை அட்டையும் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. உட்கார்ந்தேன். எதிரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் ஒன்று இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நம்பர்கள் வந்தன. வலது காதுக்குச் சொன்னதெல்லாம் கேட்டது. இடது காதுக்குக் கடைசியாக வந்தது அறுபத்து இரண்டா எழுபத்து இரண்டா என்று தெரியவில்லை. கை மடியில் அசைந்தது, பிடித்துக்கொண்டேன். அறுபத்து இரண்டு என்றேன்.

கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு அடுத்த ஆள் பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்துத்தான், என்னைப் போகச் சொல்லியாயிற்று என்று எழுந்துகொண்டேன்.

பாஸ் வந்துவிட்டது. சேர்ந்த தேதி, போன திங்கட்கிழமை.