மால்கம் தோண்டாத இடம்

மால்கம் லார்ட்டர் முப்பத்தோரு வருஷமாக மெட்டல் டிடெக்டரும் கையுமாக அலைந்தவர். இங்கிலாந்தில், நார்ஃபோக்கில் வெதர்ஸ்டோக் ஊரைச் சுற்றியிருக்கும் வயல்களில் அவர் கால் படாத இடம் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு குண்டுமணித் தங்கம்கூட அவர் கையில் அகப்பட்டதில்லை. அதைப் பற்றி அவரிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால், "இந்தப் பக்கத்து மண்ணுல தங்கமே கிடையாதுப்பா" என்று மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுவார்.

பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர், மண்ணையும் அதே கண்ணால்தான் பார்த்தார். கிளறிப் பார்ப்பதெல்லாம் தெரியாதவன் வேலை என்பது அவர் கொள்கை.

கொள்கை என்ன கொள்கை, முட்டி வலிதான். பூமிக்குள் கிடப்பது என்னவென்று மெஷின் ஓர் எண்ணாகச் சொல்லும். வெள்ளிக் காசுக்குப் பெரிய எண். பீர் டின்னைத் திறந்து பிய்த்தெறிகிற அலுமினிய வளையத்துக்கும், சாக்லேட் சுற்றிய தகட்டுக்கும் சின்ன எண். மெஷின் வாங்கிய முதல் வாரம் மால்கம் நாற்பது வளையங்களைத் தோண்டி எடுத்தார். எட்டாம் நாள், சின்ன எண் வந்தால் மெஷின் வாயையே திறக்கக் கூடாது என்று அமைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை மெஷின் மாற்றினாலும் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை அதுதான். தங்கக் காசுக்கும் மோதிரத்துக்கும் அதே சின்ன எண்தான் வரும் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் எட்டாவது பக்கத்தில் எழுதியிருந்தது. மால்கம் புத்தகம் பார்த்து வேலை செய்கிற ஆள் இல்லை.

ஊர் மன்றத்தில் மாதாமாதம் டிடெக்டர் சங்கம் கூடும். அவரவர் கண்டெடுத்ததை மேஜைமேல் பரப்பி வைப்பார்கள், சிறந்ததற்கு ஒரு பரிசு. மால்கம் வைப்பது பித்தளைப் பட்டன், குதிரைச் சேணத்து வளையம், எப்போதாவது தேய்ந்துபோன ஒரு வெள்ளிக் காசு. ஒரு மாதம் கிரஹாம் ஸ்டானர்டு மூன்று தங்கக் காசுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஐந்நூறு வருஷத்துப் பழசு, எட்டாம் ஹென்றி ராஜா காலத்தது. பத்திரிகையில் படம் வந்தது. வயல்காரருக்கும் பாதிப் பங்கு என்பதால் அவர் கிரஹாமைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். சங்கடம் என்னவென்றால், அது முந்தைய வாரம்தான் மால்கம் மூலை மூலையாக நடந்து, "சுத்தமா ஒண்ணுமில்ல, காலி வயலு" என்று கைகழுவிய வயல்.

"நான் போனப்புறம் எவனோ கீழ போட்டிருக்கான்" என்றார் மால்கம்.

"எவன், எட்டாம் ஹென்றியா?" என்று கிரஹாம் கேட்க, மன்றமே சிரித்தது. தட்டில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்த மால்கமின் மனைவி வெண்டியும் சேர்ந்துதான் சிரித்தாள். புருஷன் தீர்ப்புகளை அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. மழை வராது என்று அவர் சொன்னால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். இந்த வழிதான் குறுக்கு வழி என்று அவர் காரைத் திருப்பினால் ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொள்வாள், எப்படியும் நேரமாகும் என்று.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சை நம்பியிருந்தாள். அது பதினோரு வருஷத்துக்கு முந்தைய கதை.

வெண்டியின் கையில் அவள் அம்மாவின் மோதிரம் இருந்தது. நடுவில் ஒரு வைரம், இரண்டு பக்கமும் பொடி வைரங்கள். அம்மா சாகும்போது மோதிரம் சின்னவள் வெண்டிக்கு, சுவர்க்கடிகாரம் பெரியவள் ஹேஸலுக்கு என்று எழுதி வைத்திருந்தாள். "கடியாரத்த நான் எந்த விரல்ல மாட்டிக்கிறது?" என்று ஹேஸல் அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஓர் ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை அவள் லோஸ்டாஃப்டிலிருந்து சாப்பிட வந்திருந்தாள். வெண்டி கொல்லைப்புறம் போய் உருளைக்கிழங்கு தோண்டி எடுத்து வந்தாள். அக்கா தங்கை இருவருமாகப் பாத்திரம் கழுவினார்கள். சாயங்காலம் ஹேஸல் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு பார்த்தால் விரலில் மோதிரம் இல்லை.

"உருளைக்கிழங்குப் பாத்தியிலதான் விழுந்திருக்கணும்" என்று வெண்டி அழுதாள்.

மால்கமுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? கோட்டை மாட்டிக்கொண்டு, காதில் ஹெட்ஃபோன் வைத்து, பாத்தியை நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை, மறுநாள் காலையில் இன்னொரு தடவை அலசினார். மெஷின் மூச்சு விடவில்லை. மால்கம் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"மண்ணுல இல்ல வெண்டி. இருந்தா மெஷின் சொல்லியிருக்கும்."

"அப்ப எங்க போச்சு?"

"மண்ணுல இல்லன்னா வீட்டுக்குள்ளதான். நேத்து வீட்டுக்குள்ள யார் யார் இருந்தோம்னு நீயே கணக்குப் போட்டுக்கோ."

பெயர் சொல்லவில்லை. பரிசோதகர் புத்தி, ஆளை நிறுத்திவைத்துவிட்டு டிக்கெட்டை அவனே தேடட்டும் என்று விடுவது. வெண்டி ஒரு வாரம் தேடினாள். பிறகு ஹேஸலுக்கு ஃபோன் செய்தாள். என்ன கேட்டாளோ, எப்படிக் கேட்டாளோ, ஹேஸல் பட்டென்று ஃபோனை வைத்துவிட்டாள். அத்தோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. இரண்டு கிறிஸ்துமஸுக்கு அட்டை மட்டும் வந்தது, மூன்றாம் வருஷம் அதுவும் இல்லை. மால்கம் ஒவ்வொரு வருஷமும் அதே பாத்தியில் உருளைக்கிழங்கு போட்டார், தோண்டினார், வெண்ணெய் போட்டுச் சாப்பிட்டார்.

இந்த ஏப்ரலில் பெவர்லி கூச் என்கிற பெண்மணி சங்கத்தில் சேர்ந்தாள். அறுபது வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த மலிவு மெஷின் அவளிடம் இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு மெஷின் பழக்குவது மால்கம் தானாக எடுத்துக்கொண்ட வேலை. கொல்லைப் பாத்தியில் நாலு பழைய காசுகளைப் புதைத்து வைத்துவிட்டு, கண்டுபிடி என்று பின்னாலேயே நடப்பார். கிழங்கு நடுவதற்கு முன்னால் பாத்தி காலியாக இருக்கும் ஒரு சனிக்கிழமை காலை பெவர்லியை வரச் சொன்னார்.

பெவர்லியின் மெஷின் எடுத்த எடுப்பிலேயே கத்தியது. அவள் குனிந்தாள்.

"அத விடும்மா. சத்தத்துலயே தெரியுது, பீர் டின் வளையம்."

பெவர்லி தோண்டினாள். வளையம்தான்.

"நான்தான் சொன்னேனே!" என்று மால்கம் பூரித்துப்போனார்.

நாலடி தள்ளி இன்னொரு வளையம். அதற்கப்புறம் சாக்லேட் தகடு. மால்கமுக்குப் பொறுமை போய்விட்டது.

"இப்படிக் குப்பையெல்லாம் நோண்டிக்கிட்டிருந்தா வேலைக்கே ஆகாதும்மா. அந்தப் பட்டன அமுத்து, சின்னதெல்லாம் சத்தமே போடாது. நான் முப்பது வருஷமா அப்படித்தான் வெச்சிருக்கேன்."

"சார், நான் ஸ்கூல் கிச்சன்ல இருந்தவ" என்றாள் பெவர்லி, மண்ணில் கையை விட்டபடியே. "பசங்க பல்லுக்குப் போடுற கம்பியச் சாப்பாட்டுத் தட்டுலயே வெச்சுட்டுப் போயிடுவாங்க. எச்சில் தொட்டியக் கிளறி எத்தன கம்பி எடுத்திருக்கேன் தெரியுமா? கிளறாம இல்லன்னு சொல்ற பழக்கம் நமக்குக் கிடையாது."

சொல்லிக்கொண்டே ஒரு மண்கட்டியை உடைத்தாள். உள்ளே மஞ்சளாக ஒரு கீற்று தெரிந்தது. கட்டைவிரலால் தேய்த்தாள். நடுவில் ஒரு கல், இரண்டு பக்கமும் பொடிக் கற்கள்.

"இதையும் நீங்கதான் பொதச்சு வெச்சீங்களா சார்? ரொம்பத் தாராளம்தான்!"

பட்டன் பேச்சைக் கேட்டபடியே டீ கொண்டுவந்த வெண்டி தட்டோடு அப்படியே நின்றாள். தட்டைத் தரையில் வைத்தாள். மோதிரத்தை வாங்கித் தோட்டக் குழாயில் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். பெவர்லி நிலைமையைப் புரிந்துகொண்டு, வீட்டில் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"பனிக்காலத்துல மண்ணு மேலயும் கீழயும் நகரும் வெண்டி" என்று மால்கம் ஆரம்பித்தார். "அன்னிக்கு ரொம்ப ஆழத்துல இருந்திருக்கும். இல்லன்னா ஏதாச்சும் பறவ கொண்டாந்து போட்டிருக்கும்."

"அன்னிக்கு அந்தப் பட்டன் எப்படி இருந்துச்சு?"

"எந்தப் பட்டன்?"

"இப்ப பெவர்லிகிட்ட சொன்னியே, முப்பது வருஷமா அமுத்தியே வெச்சிருக்கேன்னு."

மால்கம் மண்வெட்டியை எடுத்து, பெவர்லி ஏற்கெனவே மூடிவிட்டுப் போன குழியை மறுபடி மூடினார்.

"வாயக் கட்டி வெச்ச மெஷினு பேசலன்னு எங்க அக்காவத் திருடியாக்கிட்டே" என்றாள் வெண்டி. குரல் ஓங்கவில்லை. "நாளைக்கு லோஸ்டாஃப்டுக்குப் போறோம். நீயும் வர்ற. உன் வாயால சொல்ற."

மறுநாள் வழி நெடுக மால்கம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். அந்தக் காலத்து மெஷின், மண்ணில் இருக்கும் இரும்புச்சத்து, தொழில்நுட்பக் கோளாறு. "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்கிற வாக்கியம் மட்டும் எந்த ஒத்திகையிலும் வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஒரு யோசனை தோன்றி, இந்த மோதிரத்தைச் சங்கத்து மேஜையில் வைத்தால் இந்த மாதப் பரிசு நிச்சயம் என்றார். வெண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுகூட அவருக்கு உறைக்கவில்லை, அந்தப் பரிசும் பெவர்லிக்குத்தான் போகும் என்பது.

ஹேஸல் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பதினோரு வருஷம் ஆகிவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் வெண்டிக்கே தெரிந்தது போல, வாசலில் விக்கித்து நின்றாள். பிறகு கையை நீட்டி மோதிரத்தைக் காட்டினாள்.

"உருளைக்கிழங்குப் பாத்தியில கெடச்சுது ஹேஸல்."

மால்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். "அதாவது ஹேஸல், அந்தக் காலத்து மெஷின் இருக்கே, மண்ணுல இரும்புச்சத்து கொஞ்சம்…"

"நீ சும்மா இரு மால்கம்" என்றாள் ஹேஸல். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தாள்.

"இவன் சொன்னதுல எனக்கு வருத்தமே கெடையாதுடி. இவன் பேச்ச எவன் நம்புறான்? மழை வராதுன்னு இவன் சொன்னா நீ குடையெடுத்துட்டுப் போறவ. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவன் சொன்னது ஒண்ணையாவது நீ நம்பியிருக்கியா? என் விஷயத்துல மட்டும் ஏன்டி நம்புனே?"

வெண்டி வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அம்மா எழுதி வைத்ததும், கடிகாரத்தைப் பற்றி ஹேஸல் சிரித்துக்கொண்டே கேட்டதும், அதை மோதிரத்து மேல் ஆசை என்று தான் எடுத்துக்கொண்டதும் அவள் மனசில் ஓடியிருக்க வேண்டும். முகம் சிவந்துபோயிற்று. நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

ஹேஸல் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி உள்ளே நடந்தாள். கதவைச் சாத்தவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சமையலறையில் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. எத்தனை பேருக்கு டீ என்று வாசலில் நின்ற இரண்டு பேருக்கும் தெரியவில்லை.