பகல் நித்திரைக் கடை

லக்சிகா பேசினால் அடுத்த மேசைக்குக் கேட்காது. எந்த வகுப்புக்குப் போனாலும் ஆசிரியர்கள் அவளிடம் முதலில் சொல்வது "கொஞ்சம் சத்தமாக" என்பதைத்தான். வெட்கம் என்று நினைத்தார்கள். வெட்கம் இல்லை. புலம்பெயர்ந்தவர்கள் நிறைந்த மல்வேர்ன் என்ற புறநகரில், ஒன்பதாவது மாடியில், அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் பகலில் ஒருவர் நித்திரையாக இருந்தார்.

அவளுடைய அப்பா இரத்தினவேலுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. மற்றவர்கள் பஸ்ஸுக்கு இறங்கும் நேரத்தில் அவர் பஸ்ஸிலிருந்து இறங்குவார். சட்டையில் ஈஸ்ட் வாசம் இருக்கும். அறை யன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. கதவின் கீழ் இடைவெளியில் அம்மா தவமணி ஒரு பழைய துவாயைச் சுருட்டி வைப்பாள். அம்மா பகலில் குக்கர் வைப்பதில்லை. தம்பி நிதுசன் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்து வளர்ந்தான். கார்ட்டூன்களுக்குக் குரல் உண்டென்பதைப் பள்ளிக்கூடத்தில்தான் அறிந்தான்.

அப்படியும் அப்பா நித்திரை கொள்ளவில்லை. மேல்மாடியில் பிள்ளைகள் ஓடுவார்கள். கீழே பனி அள்ளும் இயந்திரம் வரும். யாரோ எதையோ கருக்கி, கட்டடம் முழுவதும் அலாரம் அடிக்கும். மத்தியானத்தில் அவர் எழுந்து வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அதன் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் எடுக்காமல் மூடிவிட்டுப் போவார்.

பதினோராம் வகுப்பில் லக்சிகா வணிகத்தை ஒரு பாடமாக எடுத்தாள். பெரிய காரணம் எதுவும் இல்லை. கால அட்டவணையில் அந்த இடம் காலியாக இருந்தது. முதல் மாதம் கேள்வி, வழங்கல், இலாபம் என்று போனது. அடுத்த மாதம் ஆசிரியை மிஸஸ் பெல்லாமி வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "உங்கள் பகுதியில் எது இல்லை? அதை விற்கும் ஒரு வியாபாரத்தைக் கற்பனை செய்யுங்கள்."

மெலிசா கண்ணிமை முடி ஒட்டும் கடை என்றாள். பிரசாந் பழைய சப்பாத்துகளை வாங்கி விற்பது என்றான். லக்சிகா வெளியே பார்த்தாள். பனி பெய்துகொண்டிருந்தது. அவ்வளவு விழுந்தும் ஒரு சத்தமும் இல்லை. அப்போது அந்தக் கடை அவளுக்கு முழுதாகத் தெரிந்தது.

சேலைக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் இடையில் ஒரு கதவு. உள்ளே நீளமான நடை. இரு பக்கமும் சிறிய அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு போர்வை, இருட்டு. பனிக்கு அடியில் இருப்பதைப் போன்ற இருட்டு. மணிக்கூடு இல்லை. வேலைக்கு நிற்பவர்கள் வெறுங்காலுடன் நடப்பார்கள். விடிய வேலை முடித்து வருபவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்த நடையில் இறங்குவார்கள். குளத்தில் இறங்குவதைப் போல, முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு தலை. மத்தியானத்தில் நகரம் முழுவதும் இரையும். அங்கே மூச்சு மட்டும் கேட்கும்.

அவளுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. பாடத்துக்கான ஆசை இல்லை. அந்தக் கடை உண்மையில் இருக்கக்கூடியதா என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

அதற்கு வழி சந்தை ஆய்வு என்று மிஸஸ் பெல்லாமி சொல்லியிருந்தார். இருபத்தைந்து பேரிடம் கேட்க வேண்டும்: இப்படி ஒரு கடை வந்தால் வருவீர்களா? லக்சிகா லிஃப்டில் கேட்டாள், பஸ் தரிப்பில் கேட்டாள், வெள்ளிக்கிழமை கோயிலில் சாப்பாட்டு வரிசையில் கேட்டாள். எல்லோரும் இரவு வேலைக்காரர்கள்.

நாலாம் மாடிக் கமலாம்பிகை அன்ரிக்குக் கீரை பொதிசெய்யும் இடத்தில் வேலை. அவர் லக்சிகாவைப் பிடித்து இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்.

"ஓம் பிள்ளை, கட்டாயம் வருவன். இரத்தினவேலண்ணையின்ரை மகள் கடை துறந்தா நான் வராமல் ஆர் வாறது?"

கொண்டோ அடுக்குமாடி ஒன்றில் இரவுக் காவலாளியாக இருந்த இராஜரட்ணம் அங்கிள், "எனக்கு ரெண்டு கட்டில் போடு. ஒண்டு எனக்கு, மற்றது என்ரை வண்டிக்கு" என்று வயிற்றைத் தட்டினார்.

இருபத்தைந்து பேரும் ஓம் என்றார்கள். லக்சிகா அன்று வீட்டுக்கு மிதந்துகொண்டு வந்தாள்.

மிஸஸ் பெல்லாமி தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட இருபத்தைந்தில் நாலு பேர் வேண்டாம் என்பார்கள். நீ ஒருவரிடமும் கேட்கவில்லை."

"கேட்டேன் மிஸ்."

"கொஞ்சம் சத்தமாக."

"கேட்டேன்."

வெள்ளிக்கிழமைக்குள் உண்மையான ஆய்வு வர வேண்டும், இல்லாவிட்டால் சைபர் என்றார் அவர். சைபர் வந்தால் பாடம் போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தில் பிரசாந் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"லக்ஸ், இது ஈஸி. ஆறு பேரை நோ எண்டு மாத்து. அவ செக் பண்ணமாட்டா."

"ஆனா அவையள் ஓம் எண்டுதானே சொன்னவை."

"அதான் ப்ரொப்ளம். உண்மையா எழுதினா பொய் மாதிரி இருக்கு. பொய்யா எழுது, உண்மை மாதிரி இருக்கும்."

அவள் பென்சிலை எடுத்தாள். ஆறு பேரை மாற்றினால் பாடம் தப்பும். கடை இருக்கக்கூடியதா என்பது பிறகு ஒருநாளும் தெரியாது. பென்சிலை வைத்துவிட்டாள்.

பின்னேரம் மறுபடியும் நாலாம் மாடிக்கு இறங்கினாள். கமலாம்பிகை அன்ரி மறுபடியும் தேத்தண்ணி வைத்தார். அவர் முகத்தைப் பார்த்து "நீங்கள் உண்மையில் வருவீர்களா" என்று இன்னொரு தரம் கேட்க லக்சிகாவுக்கு வாய் வரவில்லை. என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டாள்:

"அன்ரி, இராஜரட்ணம் அங்கிள் வருவாரோ?"

அன்ரியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவரோ! உந்தாளுக்குச் சம்பளமே நித்திரை கொள்ளுறதுக்குத்தான் குடுக்கிறாங்கள். காசு குடுத்து ஏன் படுக்கப்போறார்?" சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதை விடு பிள்ளை. வீடு வாசல் உள்ள மனிசன் கடையிலை போய்ப் படுத்தால் சனம் என்ன கதைக்கும்? மனிசி கலைச்சுப்போட்டா எண்டெல்லோ கதைக்கும்."

லக்சிகா எழுதிக்கொண்டாள். பிறகு அங்கிளிடம் போய் அன்ரியைப் பற்றிக் கேட்டாள்.

"கமலாம்பிகையோ? செத்தாலும் வராது. மருமோள் படுக்க இடம் குடுக்கேல்லை எண்டு அடுத்த நாளே கோயிலிலை கதை வந்திடும்."

அதே இருபத்தைந்து பேரிடமும் அவள் போனாள். ஒவ்வொருவரிடமும் மற்றவரைப் பற்றிக் கேட்டாள். யாரும் அவசரப்படவில்லை. எல்லோரும் யோசித்து, காரணத்தோடு, விருப்பத்தோடு பதில் சொன்னார்கள். ஒருவர்கூட வரமாட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சோற்றுக் கோப்பையுடன் இருந்தார். வேலைக்குப் போகுமுன் சாப்பிடும் சாப்பாடு. கண் சிவந்திருந்தது. லக்சிகா எதிரில் உட்கார்ந்தாள். அவள் மனதுக்குள் அந்தக் கடை மூடிவிட்டது. அவள் மட்டும் அதன் நடையில் நின்றுகொண்டிருந்தாள், ஒவ்வொரு அறையாக விளக்கு எரிந்துகொண்டு வந்தது.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி?"

அவள் கதையைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

"ஆசை எல்லாருக்கும் இருக்கும். வாசல்லை நித்திரைக் கடை எண்டு போர்டு எழுதி வைச்சால் ஆர் அதுக்குள்ளை காலை வைக்கிறது?"

"போர்டு இல்லாட்டி?"

"போர்டு இல்லாட்டி..." கையில் சோறு அப்படியே இருந்தது. அவர் சுவரைப் பார்த்தார். "போர்டு இல்லாட்டி ஆர் எங்கை போறானெண்டு ஒருத்தருக்கும் தெரியாதுதானே."

வெள்ளிக்கிழமை லக்சிகா இரண்டு தாள்களையும் மிஸஸ் பெல்லாமியின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் எல்லோரும் ஓம். மற்றதில் எல்லோரும் இல்லை.

"அதே ஆட்களா?"

"அதே ஆட்கள் மிஸ். தங்களைப் பற்றிக் கேட்டால் என் மனம் நோகக்கூடாதென்று ஓம் என்பார்கள். மற்றவரைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்."

வகுப்பு சிரித்தது. மெலிசா, தன் அம்மாவின் ஆட்களும் இதே மாதிரித்தான் என்றாள். மிஸஸ் பெல்லாமி சிரிக்கவில்லை. இரண்டாவது தாளில் இருந்த காரணங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசியில் முடிவுரைக்கு வந்தார். அதில் ஒரே வரிதான் இருந்தது: கடையைத் திறக்கலாம், பெயர்ப்பலகை வைக்கக்கூடாது.

"பெயர் இல்லாத கடையை வாடிக்கையாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்?"

"கேட்டு வருவார்கள். தங்களுக்கென்று கேட்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கென்று கேட்பார்கள்."

கடைசி வரிசைக்கும் அது கேட்டது. பிரசாந் திரும்பிப் பார்த்தான்.

"என் பணத்தை இதில் போடமாட்டேன்," என்றார் மிஸஸ் பெல்லாமி. "ஆனால் ஆய்வை நம்புகிறேன்." நல்ல புள்ளி போட்டார். பாடம் தப்பியது.

கடை தப்பியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வார இறுதி முழுவதும் பனி பெய்தது. ஆறாம் வகுப்பிலிருந்து செய்துவரும் வேலைகளையே செய்தாள்: தம்பியின் கணக்கைப் பார்த்தாள், உடுப்புத் தோய்க்கக் கீழே போனாள். இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் அப்பாவின் வெள்ளைச் சட்டைகள் மெதுவாக எழும்பி, புரண்டு, மறுபடியும் படுத்துக்கொண்டன.

திங்கட்கிழமை பின்னேரம் அப்பா வேலைக்கு வெளிக்கிட்டார். கதவடியில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டியவர், தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"பிள்ளை, உந்தக் கடை எத்தினை மணிக்குத் துறக்கிறது?"

"ஏனப்பா?"

"இல்லை, இராஜரட்ணம் ஒருக்காக் கேட்டுப் பாக்கச் சொன்னவன்."

அம்மா குசினிக்குள் அசையாமல் நின்றாள்.

"விடிய ஏழு மணிக்கு அப்பா."

"ஏழு," என்றார் அவர். மற்றச் சப்பாத்தை எடுத்தார். "ஏழெண்டால் நல்லது. அவனுக்குத் தோதாயிருக்கும்."