ரோகிணி நின்ற வெள்ளிக்கிழமை

நான் ஆனைக்கரைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாற்பதைத் தாண்டிய பிறகு மறுபடியும் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தேன். கேரளத்தில் இதைத் துல்யதா வகுப்பு என்பார்கள். பத்தாம் வகுப்பை முடிக்காமல் விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து படித்துப் பரீட்சை எழுதலாம். தமிழிலும் எழுதலாம் என்று கேள்விப்பட்டதால்தான் சேர்ந்தேன். சேர்த்துவிட்டது கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள்.

எங்களுக்கு அறிவியலும் சமூக அறிவியலும் எடுத்த டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். பாலக்காட்டுக் கிழக்கில் வடகரப்பதிக்காரி. வேலை கிடைத்து இங்கே மலைக்கு வந்தவள். எங்களை அக்கா, அண்ணா என்று கூப்பிடுவாள். எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போடுவாள். நாங்கள் மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்களின் பிள்ளைகள். எங்களோடு படித்த ஜீப்காரர் முதல் வாரமே சொல்லிவிட்டார்: "டீச்சர், இம்புட்டு மரியாதை குடுத்தா எங்களுக்குப் படிப்பு ஏறாது. நாலு வசவு வையுங்க."

வகுப்பில் நான் பேசமாட்டேன். வருகை எடுக்கும்போதுகூடக் கையைத்தான் தூக்குவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பேச்சு வராது. டீச்சர் அதைப் புரிந்துகொண்டு என்னைக் கேள்வி கேட்பதில்லை.

பூமியைப் பற்றியும் வானத்தைப் பற்றியும் பாடம் வந்தபோது டீச்சர் எங்களைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மற்ற நாட்களில் பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். சுவரில் படம் விழும். இணையத்தில் முதலில் எங்கள் ஊரையே மேலேயிருந்து காட்டினாள். சக்குபள்ளம், ஆனைக்கரை, குமுளி எல்லாம் ஒரே பச்சைக் கம்பளம். அந்தப் பச்சை ஓர் இடத்தில் பட்டென்று முடிந்து கீழே கட்டம் கட்டமாக வயலும் திராட்சைத் தோட்டமும் காய்ந்த மண்ணும் தெரிந்தன. அது கம்பம். அப்புறம் மழை மேகம் நகர்வதைக் காட்டும் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். கடலிலிருந்து வெள்ளையாக வந்த மேகம் எங்கள் மலைமுகட்டில் திரண்டு நின்றது. முகட்டைத் தாண்டியதும் மெலிந்துபோயிற்று.

நான் எத்தனையோ தரம் நனைந்த குடையோடு கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருக்கிறேன். அங்கே வெயில் கொளுத்தும். கடைக்காரர்கள் குடையைப் பார்த்தே "மேலயிருந்து வர்றீகளா?" என்பார்கள். அதற்குக் காரணம் அந்தச் சுவரில்தான் எனக்குத் தெரிந்தது.

மழை வலுத்தால் நெட் நின்றுவிடும். வந்தாலும் சில சமயம் நாங்கள் தமிழ்நாட்டில் இருப்பதாகக் காட்டும். "நாம எந்த ஸ்டேட்டுன்னு நமக்கே தெரியாது, அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஜீப்காரர்.

அடுத்த வாரம் வானத்தைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்தாள். எந்த ஊர், எந்த நாள், எந்த மணி என்று கொடுத்தால் அந்த நேரத்து வானம் அப்படியே வந்து நிற்கும். பகல் வெளிச்சத்தை அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பட்டப்பகலில் சூரியனைச் சுற்றி நட்சத்திரங்கள் தெரியும்.

அதைப் பார்த்ததும் வகுப்பில் சத்தம் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் அவரவர் நட்சத்திரத்தைப் பார்க்கவேண்டும். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டிப் பேரும் நட்சத்திரமும் சொல்கிறோமே, அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. டீச்சர் ஒவ்வொன்றாகத் தேடிக் காட்டினாள். ஜீப்காரருடைய மூலம் தேளின் வாலில் இருந்தது.

"ஆண் மூலம் அரசாளும்னு எங்க அப்பா சொன்னாரு டீச்சர். ஒரு ஜீப்பத்தான் ஆளுறேன், அதும் சொன்ன பேச்சக் கேக்கல."

நான் கேட்கவில்லை. ஆனால் வேறு யாருக்கோ ரோகிணியைக் காட்டியபோது பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் சிவந்த நட்சத்திரம். என்னுடையதும் அதுதான்.

நாம் பிறக்கும்போது அந்த நட்சத்திரம் தலைக்கு மேலே நின்றிருக்கும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். டீச்சர் சொன்னாள்: "அப்படி இல்லீங்க. நீங்க பொறந்தப்ப நிலா எந்த நட்சத்திரத்துக்கிட்ட நின்னுச்சோ, அதுதானுங்க உங்க நட்சத்திரம். வேணும்னா பொறந்த தேதியப் போட்டுப் பாக்கலாமுங்க."

பதிவேட்டைத் திறந்து பிறந்த தேதிகளைப் படிக்கத் தொடங்கியவள் நடுவில் நிறுத்தி எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, உங்கூர்ல மத்த மாசத்துல ஆருமே பொறக்கறதில்லீங்களா? எல்லாம் மே மாசமா இருக்குது?"

"பொறக்குறது எல்லா மாசமுந்தான் டீச்சர்," என்றார் ஜீப்காரர். "ஸ்கூல்ல சேர்க்குறப்ப மே மாசத்துல இன்னொரு தடவ பொறப்போம்."

எங்கள் தலைமுறையில் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய் நிறுத்துவாள். ஹெட்மாஸ்டர் தேதி கேட்பார். அம்மாவுக்குத் தமிழ் மாதம் தெரியும், கிழமை தெரியும், நட்சத்திரம் தெரியும். இங்கிலீஷ் தேதியும் வருஷமும் தெரியாது. அவர் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, ஐந்து வயது நிறைந்த மாதிரி மே மாதத்தில் ஒரு நாளை எழுதிக்கொள்வார். என்னுடையது மே மாதத்துக் கடைசி நாள். என் மகள் வருஷாவருஷம் அன்றைக்குப் போன் செய்து வாழ்த்துவாள். ஒரு தடவை கேக்கும் வாங்கி வந்தாள். அதை வெட்டும்போது வேறு யாருடைய கேக்கையோ வெட்டுவது போல எனக்குக் கூச்சமாக இருந்தது. "அப்ப உன்னோட நெசமான நாள் எதும்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

அம்மா என்னிடம் சொல்லிவிட்டுப் போனது மூன்றுதான். ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, ரோகிணி. அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. வாழ்நாளெல்லாம் என் பேருக்கு ரோகிணி என்று சொல்லித்தான் அர்ச்சனை செய்தாள்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிய பிறகு நான் அறை வாசலிலேயே நின்றேன். டீச்சர் கம்ப்யூட்டரை அணைக்கப் போனவள் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க்கா" என்றாள். மூன்றையும் சொன்னேன். அவளுக்கு அது பிடித்துவிட்டது.

"வருசம் மட்டும் சரியாத் தெரியாது, இல்லீங்க? நிலா மாசத்துக்கு ஒருக்கா ரோகிணிக்கு வந்துரும். ஆடிக்கு ஆடி அது வேற வேற கெழமைல வரும். வெள்ளிக்கெழமை எந்த வருசம் வருதோ, அதுதான் உங்க வருசம். அடுத்த ஞாயித்துக்கெழமை எல்லார்த்து முன்னாடியும் போட்டுப் பாக்கலாமுங்க. அதே ஒரு பாடமாச்சு."

எல்லார் முன்னாலும் என்றதும் எனக்குப் பயமாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை குறைவு, நெட் நன்றாக இருந்தது. டீச்சர் ஆனைக்கரையை ஊராகக் கொடுத்தாள். சான்றிதழில் உள்ள வருஷத்து ஆடி மாதம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகப் போட்டாள், காலை வேளைக்கு. பகல் வெளிச்சத்தை அணைத்தாள். நிலா ஒவ்வொரு வெள்ளியும் ஒவ்வோர் இடத்தில் நின்றது. ரோகிணிப் பக்கம் இல்லை. அந்த வருஷம் அது ரோகிணிக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு அடுத்த வருஷம் போட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை நிலா கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அடுத்த நட்சத்திரமான ரோகிணிக்கு இன்னும் தூரம் இருந்தது. அதற்கும் அடுத்த வருஷம் வியாழக்கிழமை. முந்தின வருஷங்களுக்கும் போய்ப் பார்த்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை.

"அக்கா, உங்க அம்மாவுக்குக் கெழமை மறந்திருக்கலாம்," என்றார் ஜீப்காரர். "எங்காத்தா என்னையும் எந்தம்பியவுமே மாத்திக் கூப்பிடும்." எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. டீச்சரும், "நட்சத்திரமும் மாறியிருக்கலாமுங்க, அந்தக் காலத்துல பஞ்சாங்கம் பாத்துச் சொன்னவங்க தப்பாச் சொல்லியிருப்பாங்க" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அது உறைத்தது. பிறந்த தேதி இல்லாமல் இத்தனை வயது வந்தவள் நான். இனியும் இல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் அம்மா சொன்னது தப்பு என்று பதினைந்து பேர் முன்னால் முடிவாகிவிட்டதே, அதை எப்படி விடுவது? அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இந்த மூன்றையும் அவள் தப்பில்லாமல் வைத்திருந்தாள் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில், தோட்டத்து மேட்டில் ரேஞ்ச் கிடைக்கும் பாறை மேல் ஏறி, கம்பத்திலிருக்கும் சித்திக்குப் போன் செய்தேன். அம்மாவின் தங்கை. நான் பிறக்கும்போது கூட இருந்தவள். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்முன் கத்தத் தொடங்கிவிட்டாள்.

"எவடி சொன்னது எங்கக்கா பொய் சொன்னான்னு? வெள்ளிக்கெழமதாண்டி. சாயங்காலம் முருகன் கோயில்ல ஆடிக் கார்த்திகைக்கு விளக்குப் போட்டுட்டு வந்தா. வந்ததுமே வலி. ராவெல்லாம் அவ கத்துனா, நான் அழுதேன். கோழி கூவுறதுக்குக் கொஞ்சம் முந்தி நீ வந்து விழுந்த."

"கோழி கூவுறதுக்கு முந்தின்னா… அது சனிக்கிழமை ஆயிருச்சே சித்தி?"

"எப்பிடிடி ஆகும்? விடிஞ்சாத்தான சனிக்கெழம? விடியாம கெழம எப்பிடி மாறும்? பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லித் தர்றாகளா?"

பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி கூப்பிட்டது காதில் விழவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் நடுராத்திரியில் கிழமை மாறியதில்லை. கடிகாரத்துக்கும் செல்போனுக்கும்தான் மாறும். எனக்கே அது தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் நிலநடுக்கப் பாடத்தைத் தொடங்கியிருந்தாள். எங்கெங்கே நிலம் நடுங்கியது என்று புள்ளி புள்ளியாகக் காட்டும் உலக வரைபடம் சுவரில் இருந்தது. நான் கையைத் தூக்கினேன். அவள் வருகை எடுக்கவில்லையே என்று ஒரு நொடி விழித்தாள்.

"ஏனுங்க்கா?"

பதினைந்து முகமும் திரும்பின. இருந்தாலும் எழுந்து நின்றேன்.

"டீச்சர், அந்த ரெண்டாவது வருசத்து வெள்ளிக்கிழமைய மறுபடி போடணும். கார்த்திகைக்கிட்ட நிலா நின்னுச்சே, அது. போட்டுட்டு, ராத்திரி தாண்டி விடியுற வரைக்கும் ஓட்டணும். எங்கம்மாவுக்கு விடிஞ்சாத்தான் சனிக்கிழமை."

டீச்சர் நிலநடுக்கத்தை மூடிவிட்டு வானத்தைத் திறந்தாள். வெள்ளிக்கிழமையைப் போட்டு நேரத்தை ஓட விட்டாள். சூரியன் மேற்கே இறங்கியது. நிலா கண்ணுக்குத் தெரியாமல் அடிவானத்துக்குக் கீழே இருந்தது. நடுராத்திரி தாண்டியதும் மூலையில் தேதி மாறியது. பிறகு கிழக்கில் கார்த்திகைக் கூட்டம் ஏறியது. அதன் பின்னால் மெல்லிய பிறையாக நிலா வந்தது. அதன் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல, சிவப்பாக ரோகிணி.

"நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றார் ஜீப்காரர்.

டீச்சர் நிறுத்தினாள். "ஆமாங்க. சனி காலைல ரோகிணி. உங்கம்மா கணக்குல வெள்ளி. நாந்தான் கம்ப்யூட்டர் நாளையே நாள்னு நெனச்சுட்டனுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எங்கூட்லயும் இப்படித்தானுங்க சொல்லுவாங்க. எனக்கு அது நெனப்பே வரல."

அந்த வானத்தை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஆடியில் எங்கள் மலையில் வானமே தெரியாது. மழையும் மூடுபனியும்தான். அன்றைக்கும் மழைதான் பெய்திருக்கும். அம்மா அதைப் பார்த்திருக்கமாட்டாள். கோயிலில் யாரோ பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னதைப் பிடித்துவைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஆனால் சரியாகப் பிடித்துவைத்திருந்தாள்.

"அப்ப சர்டிபிகேட்டவிட உங்களுக்கு ஒரு வயசு கம்மி," என்று ஜீப்காரர் கணக்குப் போட்டார். "ஒரு வருசமா அக்கா அக்கான்னு கூப்பிட்டு ஏமாந்திருக்கேன். இனிமே நீங்க என்னைய அண்ணன்னு கூப்பிடணும்." அன்றைக்கு நானும் சத்தமாகச் சிரித்தேன்.

சான்றிதழில் எதுவும் மாறவில்லை. பரீட்சைக்கும் மே மாதத் தேதிதான் போயிற்று. அதை மாற்ற நான் கேட்கவும் இல்லை. மாற்றக் கேட்டால் எந்த ஆபீசில் போய் நிலாவைக் காட்டுவது? பரீட்சையில் தேறினேன், அறிவியலில் கொஞ்சம் நல்ல மார்க்கே வந்தது.

வகுப்பில் அந்த நிலாவைப் பார்த்த அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாள்காட்டியில் பதிந்துவைக்கத் தேதி கேட்டாள்.

"சனிக்கிழமை தேதியப் போடட்டுமாம்மா? மணிப்படி அதுதான் கரெக்ட்."

"வேணாம்," என்றேன். "வெள்ளிக்கிழமை தேதியப் போடு. பாட்டி அப்படித்தான் சொன்னா."